அடிப்பல் எழுபத்திரண்டு

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

அதுதான் கடைக்காரிக்குப் பிடிக்கவில்லை.

பார் பதினெட்டு இஞ்ச். செயினின் கனம். பாரின் காடிக்குள் ஓடும் அடிப்பல் எழுபத்திரண்டு. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் உருண்டைக் கையெழுத்து.

காகிதத்தைக் கொண்டுவந்த ஆள் மூன்று வருஷமாக இதை ஒழுங்காகச் சொன்னதே இல்லை.

அவரிடம் மரம் அறுக்கும் மெஷின் இரண்டு. சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. இரண்டுக்கும் ஒரே நீளப் பார். ஆனால் சிவப்புக்கு எழுபத்திரண்டு பல், வெள்ளைக்கு அறுபத்தெட்டு. ஒரு பல் குறைந்தாலும் செயின் ஏறாது. வெள்ளையின் செயினைச் சிவப்புக்கு வாங்கிப் போவார். அடுத்த வியாழன் மலையிறங்கி வந்து நிற்பார்.

"மாத்திச் சொல்லிப்போட்டனுங்க."

விலையைக் குறைக்கச் சொன்னதே இல்லை. பேரம் பேசாமல் வாங்குகிறவன் ஒன்று திருடன், இல்லை வேறெதற்கோ வந்தவன். கடைத்தெருவில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடையில் இதுவரை ஒன்றும் திருட்டுப் போகவில்லை.

மற்ற நாளில் டீக்கடைக்காரர் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைப்பார். வியாழனன்று, கேட்காமலே, இரண்டு. இன்றும் இரண்டு.

அவள் வீடு கடைக்கு மேலேயேதான். படியேறினால் யாரும் இல்லை.

"இனி நான் வர வேண்டியதில்லைன்னு ரைட்டர் சொல்லிட்டாருங்க. ஃபோன்ல நம்பரச் சொன்னா, பஸ்ஸுல போட்டு உட்ருவீங்களாமா?"

"உட்ரலாமுங்க."

"சௌரியந்தான்."

"ரொம்ப சௌரியமுங்க."

இருவரும் அவரவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்தாள். ரோலிலிருந்து செயினை இழுத்தாள். உதடு அசையாமல் எண்ணினாள். வெட்டினாள். இரண்டு முனையையும் சேர்த்து ரிவெட் அடித்தாள்.

மலைக்காரர்கள் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் கை அது.

செயினை மேஜைமேல் வைத்தாள்.

"எதுக்கும் எண்ணிப் பாத்துக்குங்க."

யாரிடமும் அவள் சொல்லாத வார்த்தை.

அவர் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தள்ளினார். வெளியே கோத்தகிரி பஸ் ஹாரன் அடித்தது. அவர் அவசரப்படவில்லை.

எழுபத்தொன்றில் விரல் நின்றது. அடுத்தது, முதலில் தொட்ட பல்.

நிமிர்ந்தார்.

அவள் ரோலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே ஒழுங்காகச் சுற்றியிருந்த ரோலை.

"எழுபத்திரண்டு," என்றார். "சரியா இருக்குதுங்க."

பைக்குள் போட்டுக்கொண்டார்.