இடது பக்க அடுப்பு

"வரலாமாக்கா?" என்று கேட்டபடியே உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டவளைப் பூங்கோதைக்கு யாரென்று தெரியவில்லை. அவள் நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்தாள்.

"இதுல எது மக்கர் பண்ணும்?"

"இடது பக்கம். அமுக்கித் திருப்பணும். நீ யாரும்மா?"

"தேன்மொழி. பிள்ளைங்க ரெண்டுதானே? சின்னவனுக்கு முட்டை ஆகாதாமே."

"யாரு சொன்னா?"

"நீங்கதான். அன்னைக்கு டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கறப்ப பேசிட்டிருந்தீங்களாம். எடுத்தது எங்க சித்தி."

பூங்கோதை முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ரிசல்ட்டே இன்னும் வரலையே. இப்பத்தான் அவரு வாங்கப் போயிருக்காரு."

"அதான் இன்னைக்கே வந்தேன். சொந்த வீடு, நல்ல மனுஷன். நாளைக்கு வந்தா உங்க இடத்துக்கு வாசல்ல பத்துப் பேரு நிப்பாங்கக்கா."

சொல்லிக்கொண்டே இடது பக்கத்தை அமுக்கித் திருப்பினாள். முதல் தடவையிலேயே பற்றிக்கொண்டது. பதினோரு வருஷத்தில் பூங்கோதைக்கு அது ஒருநாளும் அப்படிப் பற்றியதில்லை.

வெளியே வண்டி வந்து நின்றது. எப்போதும் இரண்டு முறை ஹாரன் அடிப்பவர் இன்று அடிக்கவில்லை.

பூங்கோதை எழப்போனாள்.

"நீங்க உக்காருங்க," என்று அவள் தோளில் கை வைத்தாள் தேன்மொழி. "நான் திறக்கறேன்."