நாலு சிலிண்டர் விற்பனைக்கு

"உண்மையைச் சொல்லட்டுமா சார்? இந்த வண்டியை நீங்க வாங்காதீங்க!"

பல் டாக்டர் இப்படிச் சொன்னதும், வண்டியைப் பார்க்க வந்தவர் காபியை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நிறுத்தினார். விற்க வேண்டிய ஆளே வாங்காதே என்றால் யார்தான் திகைக்க மாட்டார்கள்?

கராஜின் நடுவில் நீல நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது அந்த ஸ்போர்ட்ஸ் பைக். டேங்கில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படித் துடைத்து வைத்திருந்தார் மனுஷன்.

"ஏன் சார், எஞ்சின்ல ஏதாவது கோளாறா?"

"சேச்சே! எஞ்சின் தங்கம்!" என்று பதறிய டாக்டர், சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "ஆமா, நீங்க எங்கே ஓட்டப் போறீங்க?"

"இங்கேதான். டவுனுக்குள்ளே."

"போச்சு! இது நாலு சிலிண்டர் சார். எஞ்சின் நல்லா சுத்தினாத்தான் இதுக்கு உயிரே வரும். நம்ம தெருவுல அதுக்குள்ளே சிக்னல் வந்துடும். ரெண்டு சிலிண்டர் வண்டி பாருங்க, லேசா முறுக்கினாப் போதும், விருட்டுன்னு கிளம்பிடும். தெருவுக்குன்னே பிறந்த வண்டி சார் அது!"

வந்தவர் தலையாட்டிக்கொண்டார்.

டாக்டருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த ஆளும் வந்த வழியே போய்விட வேண்டும். விற்றுவிடுகிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தார். குனிந்து குனிந்து ஓட்டியதில் மணிக்கட்டு வலி. கிளினிக்கில் அவர் கையை உதறிக்கொண்டு நின்றதை ஒருநாள் அவள் பார்த்துவிட்டாள்.

"அந்தக் கையோட அடுத்தவங்க வாயில ட்ரில்லை விடுவீங்களா? முதல்ல வண்டியைத் தள்ளிவிடுங்க" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான், அதனால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அதற்காக வண்டியை விட்டுவிட மனசு வருமா? விளம்பரம் கொடுத்தார். பார்க்க வந்தவர்களை எல்லாம் பேசிப் பேசியே விரட்டினார். "எவனுக்கும் பிடிக்கலைம்மா" என்று உள்ளே போய் உதட்டைப் பிதுக்கினார். இதுவரை நன்றாகத்தான் நடந்தது.

இந்த ஆள்தான் கொஞ்சம் அழுத்தம். குனிந்து செயினைப் பார்த்தார். டயரைத் தடவினார். எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்துப் படமும் எடுத்துக்கொண்டார்.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்களேன்."

டாக்டர் பட்டனைத் தொட்டார். வண்டி ஒரே மூச்சில் உயிர்பெற்றுச் சீராக ரீங்கரித்தது. டாக்டரின் முகம் தானாகவே மலர்ந்துவிட்டது. "இந்தச் சத்தத்துக்கே..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டு அணைத்தார். "இந்தச் சத்தத்துக்கே பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க சார்."

"அப்படியா?"

"அதோட, டிராஃபிக்ல நின்னீங்கன்னா தொடை வெந்துடும். ரெண்டு சிலிண்டர்ல அவ்வளவு சூடு கிடையாது. எடை கம்மி, பெட்ரோலும் கம்மியாக் குடிக்கும். ஹாண்டில் கொஞ்சம் உயரமா இருக்கிறதாப் பார்த்து எடுத்தா முதுகும் கையும் தப்பிக்கும். எனக்கு மட்டும் இப்போ வாய்ப்பு கிடைச்சா, கண்ணை மூடிக்கிட்டு அதைத்தான் எடுப்பேன்!"

சொல்லும்போதே அவருக்குத் தன் வண்டியின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

வந்தவர் காபியைக் குடித்து முடித்தார். "ரெண்டு சாவியும் இருக்கா சார்?"

"இருக்கு. அது எதுக்கு உங்களுக்கு?"

"சும்மா கேட்டேன்." கை குலுக்கினார். "ரொம்ப தேங்க்ஸ் சார். நீங்க பேசினதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ரெண்டு சிலிண்டர்தான்."

அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து, டாக்டர் டேங்கைத் தட்டிக்கொடுத்தார். "பொழைச்சோம்டா ராஜா!"

பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனார். "இவரும் வேண்டாம்னுட்டார்மா."

மனைவி சிரித்தாள். "அவர் எங்கேங்க வாங்க வந்தார்? ஷோரூம்காரர் அவர். வாங்க வர்றவர் மாதிரி வந்து இந்த வண்டிக்கு விலை மதிப்புப் போடச் சொன்னது நான்தான்."

"மதிப்பா? எதுக்கு?"

"அவ்வளவு ஆசையா வச்சிருந்த வண்டியை விக்கச் சொல்லிட்டோமேன்னு எனக்கு மனசே ஆறலைங்க. கராஜுல பேசுறது இந்த ஜன்னல்ல நல்லாக் கேட்குது. வர்றவங்க போறவங்ககிட்டே எல்லாம் அந்த ரெண்டு சிலிண்டரை எப்படிக் கொண்டாடினீங்க! அந்த ஆசையை என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இதைக் கொடுத்துட்டு அதை எடுக்கிறோம். மேற்கொண்டு ஆகிறதுக்கு என் சேமிப்பிலிருந்து முன்பணமும் கட்டிட்டேன். காலையில புது வண்டி வாசலுக்கு வந்துடும். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

டாக்டர் இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தார். "ஐயையோ... அந்த ரெண்டு சிலிண்டர் ஒண்ணும் அவ்வளவு நல்ல வண்டி இல்லைம்மா! அதிரும். சத்தமே நல்லா இருக்காது. எனக்கு இந்த நாலு சிலிண்டர்தான்மா உயிரு, நிஜமாச் சொல்றேன்!"

அவள் கண்கள் கலங்கிவிட்டன. "என் சேமிப்பு கரையக் கூடாதுன்னுதானே இப்படி வாய் கூசாமப் பொய் சொல்றீங்க?" என்று அவர் வாயைப் பொத்திவிட்டு, பேனாவைக் கையில் கொடுத்தாள்.