மூன்று ஸுப்ஹானல்லாஹ்

சூளைக் கதவைத் திறந்ததும் முன்வரிசைக் கோப்பை றுஸ்னாவின் கண்ணில் பட்டது. சாம்பல் நிறம்.

அடுத்ததும் சாம்பல். அதற்கடுத்தது நீலம்தான், ஆனால் பாடசாலைச் சுவருக்கு அடித்த பெயின்ட் மாதிரி செத்த நீலம்.

இது ஒன்பதாவது தடவை. இனி அழக்கூட அவளிடம் தெம்பில்லை.

கணவர் றமீஸின் நீலம் அப்படியா இருந்தது? வெள்ளைப் பூச்சின் மேல் ஏறி, அதோடு உருகிக் கலந்து, விளிம்பிலிருந்து வழிந்து இறங்கும். வருடக்கணக்காக முயன்றும் அவருக்கே வராத நிறம் அது. மௌத்தாவதற்கு முந்திய இரண்டு மாதங்களில்தான் வந்தது. பன்னிரண்டு கோப்பைகள், பன்னிரண்டும் ஒரே மாதிரி. இப்போதுதான் மனிசனுக்குக் கை திருந்தியிருக்கிறது என்று சாய்ந்தமருதில் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

ஜனாஸாவோடு அந்த நீலத்தையும் சேர்த்து அடக்கிவிட்டார்களோ என்று அவளுக்குப் பயம். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து வெளியே போகலாம் என்றான பிறகும் சூளையை விட்டு அவள் நகரவில்லை.

அவருடைய குறிப்புக் கொப்பியில் இருந்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்தாள். அதே பூச்சு மா, அதே தண்ணீர், அதே சூடு. மணிக்கூடு பார்த்துத் தோய்க்கிற ஆள் இல்லை அவர். கோப்பையைப் பூச்சு வாளிக்குள் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு ஓதி எண்ணுவார். வெள்ளையில் ஒரு ஸுப்ஹானல்லாஹ். காய்ந்த பின் நீலத்தில் மூன்று.

அவளும் மூன்றுதான் ஓதினாள்.

சூளையின் பின்தட்டில் கைவிட்ட மகள் ஸஹ்றா சத்தம் போட்டாள். "உம்மா, இஞ்ச பாருங்க! இது வாப்பாட நீலம்தானே!"

அதேதான். மயிரிழை வித்தியாசம் இல்லை.

றுஸ்னா கோப்பையைக் கவிழ்த்தாள். அடியில் ஏழு என்று அவள் போட்ட கோப்பை இலக்கம் கீறியிருந்தது. கொப்பியில் ஏழுக்கு நேரே அவளுடைய கையெழுத்தில் ஒரே சொல்: மழை.

ஞாபகம் வந்தது. முற்றத்தில் காய்ந்த கோப்பைகளைப் பலகையோடு தூக்கிக்கொண்டு நாலு தரம் ஓடினாள். இளைக்க இளைக்க வந்து, ஏழாவதை நீலத்துக்குள் அமிழ்த்தினாள். ஒவ்வொரு ஸுப்ஹானல்லாஹ்வுக்கும் இடையில் நின்று மூச்செடுக்க வேண்டியிருந்தது.

அவ்வளவு நேரமும் கோப்பை பூச்சுக்குள் கிடந்து, நீலம் தடித்திருக்கிறது.

றமீஸும் அப்படித்தான் கடைசியில் வாளியருகே நின்றார். ஒன்று ஓதி, வாயைத் திறந்தபடி நின்று, அடுத்ததை ஓதுவார். வாளிக்குள் நித்திரையாகிவிட்டீர்களா என்று அவள் வாசலில் நின்று பகிடி பண்ணினாள். அவர் சிரித்தார்.

அவர் மௌத்தான அன்று ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார், இரண்டு மூன்று மாதமாக இவருக்கு மூச்சு வாங்கியதா, எதையாவது கவனித்தீர்களா என்று.

"இல்ல டொக்டர், அல்லாஹ் மேல சத்தியமா ஒரு நாளும் இல்ல."

கண்ணாடி அலுமாரிக்குள் அந்தக் கடைசி இரண்டு மாதத்துப் பன்னிரண்டு நீலக் கோப்பைகள் வரிசையாக இருந்தன.