கைப்பையில் கற்கண்டு

நேர்முகத் தேர்வு நடந்த அறைக்குள் 'தடால்' என்று ஒரு சத்தம். வெளியே காத்திருந்த தியாகலிங்கம் துள்ளி எழுந்தார். உள்ளே அவர் மனைவி குணவதி!

முதியோர் இல்லத்தில், படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டும் வேலை அது. வீடிருக்கும் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து ஸ்ரீட்கார் எனும் ட்ராம் வண்டியில் வரும்போதே அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"சீனி வருத்தம் எண்டு மூச்சும் விடாதை. ஊசி போடுற ஆளுக்கு ஆர் வேலை தருவினம்?"

"பொய் சொல்லவோ?"

"வாய் திறவாமல் இருக்கிறது பொய்யில்லையப்பா."

வேலை கிடைக்கவேண்டுமென்று அன்று வெள்ளிக்கிழமை விரதம் இருக்கச் சொன்னதும் அவர்தான். ஊசியும் போட்டுக்கொண்டு வெறும் வயிறு! வேலையாவது மண்ணாவது என்று கதவில் ஓங்கி அடித்தார்.

"அவளுக்கு டயபற்றிஸ்! ஏதாவது இனிப்புக் குடுங்கோ!" என்று தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. குணவதி நின்றாள். அவளுக்குப் பின்னால், சோபாவில் படுத்திருந்த மனேச்சர் அம்மா வாயில் எதையோ ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"ஏனப்பா ஊரைக் கூட்டுறியள்? விழுந்தது அவ. நான்தான் தனியத் தூக்கிக் கிடத்தினனான்."

"அப்ப உன்ரை விரதம்?"

"நல்ல கதை! நீங்கள் குளிக்கேக்கை இடியப்பம் சாப்பிட்டிட்டன்."

"ஐயோ, நான் கத்தினது அவவுக்குக் கேட்டிருக்குமே! வேலை போச்சு."

"போகேல்லை, திங்கக்கிழமை வரட்டாம். அவ சூப்புறது என்ரை கைப்பைக் கற்கண்டு. அவவுக்கும் உதே வருத்தம்தான்!"