வாய் வரையாத முகம்

"பச்சை முகம், ஆறாத துயரம். மடியில் சிவப்பு, அவள் இழந்த குழந்தை. வாயே இல்லை பாருங்கள், ஊமையாக்கப்பட்ட பெண்ணினம்!" கண்காட்சிச் சுவரில் மாட்டியிருந்த ஓவியத்தைக் காட்டி விமர்சகர் அடுக்கிக்கொண்டே போனார். கூட்டம் உச்சுக்கொட்டியது. பின்னால் நின்ற செங்கமலத்துக்குப் பொறுக்கவில்லை. அந்தப் படத்துக்காகப் பதினேழு நாள் ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பொடிந்தவள் அவள்தான்.

"அது நான்தான் சார்" என்று முன்னால் வந்தாள். "பச்சைத் திரை போட்ட ஜன்னலோரம் உட்கார வச்சா மூஞ்சி பச்சையாத்தான் இருக்கும். மடியில இருக்கிறது தர்பூசணி. பசிக்குதுன்னு நான் வாங்கிட்டுப் போனது."

விமர்சகர் சிரித்தார். "சரிம்மா, வாய்?"

"அது ஒரு நாளும் மூடல சார். அசையாதே, அசையாதேன்னு இவரு கத்துவாரு. நான் பேசிக்கிட்டே இருப்பேன். அப்புறம் எப்படி வரைவாரு?"

கூட்டம் ஓவியரைத் திரும்பிப் பார்த்தது. அவர் குனிந்து கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அப்படி என்னதான் பேசினே?" என்றார் விமர்சகர்.

செங்கமலம் ஒரு நாற்காலியைப் படத்தின் கீழே இழுத்துப்போட்டாள். படத்தில் இருப்பதுபோலவே முழங்கால்களை அகட்டி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். ஓவியர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"அசையாதீங்க சார்" என்றாள் அவள்.