சுவரோரக் குடும்பங்கள்

"பன்னிரண்டு நாள். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். மொத்தம் நாற்பத்தெட்டு மணி நேரம் கடையை விரிச்சு வெச்சதுல எத்தனை குடும்பம் வந்திருக்கு தெரியுமா அண்ணே? ஒன்றரை!"

நூலகர் வருகைப் பதிவேட்டைப் பட்டென்று மூடினாள்.

"அது என்னங்க மேடம், அரை?" என்றார் உதவியாளர். கிழிந்த புத்தகங்களை ஒட்டி ஒட்டியே 'பசை' என்று பெயர் வாங்கியவர்.

"ஒருத்தர் பையனோட வந்து, பாத்ரூம் எங்கன்னு கேட்டுட்டுப் போனாரே. அவங்கதான்."

வாசலில் மூன்று வண்ணத்தில் அவளே எழுதிய அறிவிப்பு தொங்கியது. 'கோடை விடுமுறை! குடும்பத்தோடு வாருங்கள்! கதை, காகிதக் கொக்கு, காலுறைப் பொம்மலாட்டம். அனைத்தும் இலவசம்!'

"இலவசம்னு போட்டா ஊரே திரண்டு வரும்னு நெனச்சேன். அதுக்குக் கீழ நூலகம்னு போட்டதுதான் தப்பு."

இன்று கடைசி நாள். பதினொன்றரை மணிக்கு மேலதிகாரி வந்து தலை எண்ணுவார். இருபது குடும்பம் இல்லாவிட்டால் சிறுவர் பிரிவுக்கு மூடுவிழா. இந்தக் கூடத்தில் உடைந்த நாற்காலிகளை அடுக்கப்போகிறார்கள்.

"அடுக்கட்டும். நாற்காலிங்களாவது எழுந்து போகாம கதை கேட்கும்" என்றாள். ஆறு வருடமாக அவள் தூசி தட்டி வளர்த்த பிரிவு அது.

பசை கைப்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அவள் கேட்டாள்.

"வீட்ல ஏதாவது பிரச்சினையா அண்ணே?"

"இல்லைங்க மேடம். தங்கச்சி வீட்டுக்காரருகிட்ட ஒரு சின்ன வேலை சொல்லியிருந்தேன்."

பத்தேமுக்காலுக்குக் கதவு திறந்தது. வியர்த்து வழிய ஒரு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். 'பாத்ரூம் அந்தப் பக்கம்' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர்கள் உட்கார்ந்தே விட்டார்கள்.

பின்னாலேயே இன்னொரு குடும்பம். பிறகு மூன்று. பதினொன்றேகாலுக்குப் பதிவேட்டில் இருபத்து மூன்று குடும்பங்கள்!

ஒரே ஒரு விசித்திரம். வந்தவர்களில் பாதிப் பேர் சுவரோரமாகவும், மீதிப் பேர் மின்விசிறிகளுக்கு நேர் கீழேயும் உட்கார்ந்தார்கள்.

"எல்லாரும் முன்னாடி வாங்களேன்."

"இங்கயே நல்லா இருக்கு மேடம். காத்து... கதை நல்லா கேட்குது" என்றார் ஒருவர்.

"என்ன கதைன்னாலும் சரிம்மா, கொஞ்சம் பெரிய கதையா சொல்லுங்க" என்றாள், மடியில் குழந்தையைத் தூங்கவைத்த ஒரு தாய்.

"ரெண்டு மணிக்கே முடிச்சிடுவீங்களா? அஞ்சு மணி வரைக்கும் வைக்கக் கூடாதா?" என்று கெஞ்சினார் இன்னொருவர்.

நூலகருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு இலக்கிய தாகத்தையா பன்னிரண்டு நாளாகச் சந்தேகப்பட்டோம்! பிராயச்சித்தமாகத் தன்னிடம் இருந்ததிலேயே நீளமான கதையை எடுத்தாள். கடலை அளக்கப் போன நத்தையின் கதை.

நத்தை கரையை விட்டு இறங்கும்போது மேலதிகாரி வந்தார். விரலை நீட்டி ஒருமுறை எண்ணினார். நம்பிக்கையில்லாமல் மறுமுறையும் எண்ணினார்.

"என்னம்மா இது? கல்யாணக் கூட்டம் தோத்துடும் போலிருக்கே!"

"எல்லாம் புத்தகத்து மேல இருக்கிற ஆசை சார்" என்றாள் அடக்கமாக.

'சிறுவர் பிரிவு தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திவிட்டுக் கிளம்பினார். அவருடைய கார் வாசலைத் தாண்டியதும் பசை ஜன்னலோரம் போய்க் கைப்பேசியில் மெதுவாகச் சொன்னார்.

"போதும் மாப்ளே."

இரண்டே நிமிடம். சுவரோரத்தில் ஒருவருடைய கைப்பேசி அடித்தது.

"என்ன, கரண்ட் வந்துடுச்சா? நம்ம வீட்லயா?"

அவ்வளவுதான். சரக் சரக்கென்று சுவரிலிருந்து சார்ஜர்களைப் பிடுங்கினார்கள். தூங்கிய குழந்தை தோளுக்கு ஏறியது. பிள்ளைகள் வாசலுக்கு ஓடினார்கள்.

"ஐயோ, நத்தை இன்னும் பாதிக் கடலைக்கூடத் தாண்டலையே!" என்றாள் நூலகர்.

"நத்தைதானே மேடம், மெதுவா போகட்டும்" என்றார் பெரிய கதை கேட்ட தாயின் கணவர்.

கூடத்தில் மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் மேலதிகாரி கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பார்த்தாள். காலி நாற்காலிகளைப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"கதைக்கு வரல அண்ணே, காத்துக்கு வந்திருக்காங்க! அவங்க தெருவுல கரண்ட் இல்லையாம். நமக்கு ஆஸ்பத்திரி லைன்ல கரண்ட் வர்றதால தெரியாமப் போச்சு."

"ஆமாங்க மேடம்." பசை கிழிந்த அட்டையொன்றை எடுத்து ஒட்டத் தொடங்கினார்.

"இருந்தாலும் பாருங்க, சரியா சார் வர்ற நேரத்துக்குப் போயி, அவர் கிளம்பினதும் வந்திருக்கு. தெய்வம் கொடுத்தா கூரையைப் பிச்சுக்கிட்டுக் கொடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க!"

பசை தலையை நிமிர்த்தவே இல்லை.

"தெய்வம் இல்லைங்க மேடம். என் தங்கச்சி வீட்டுக்காரர். கரண்ட் ஆபீஸ்ல லைன்மேன்."