ஒரு விரல் உயரம்

இதில் ஒரு சொல் பொய்யாயிருந்தாலும் நாளையிலிருந்து என் தேத்தண்ணியில் சீனிக்குப் பதில் உப்பு விழட்டும். அத்தனையும் ஹுன்னஸ்கிரியாவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஆபீசில் நடந்தது.

"ஒரு விரல்தானே கூட இருக்கு?" மேசையில் விரித்த தாளில் சுட்டுவிரலைப் படுக்கவைத்து அளந்தார் தோட்ட மனேஜர் சந்திரகுமார் துரை. "இதுக்கா இருபது குடும்பத்தையும் கிளப்பச் சொல்றீங்க?"

அந்த இருபது குடும்பத்துக்காகவும் பேச வந்திருந்தார் கறுப்பையா. மழை தொடங்கப் பத்து நாள்கூட இல்லை. அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்துக்கொண்டே வருகிறது. துரை கையெழுத்து வைத்தால்தான் மைதானத்தில் கூடாரம் போடலாம்.

தாளில் படம் போட்டவள் கறுப்பையாவின் தம்பி மகள் சுகிர்தா, பேராதனையில் மண்ணைப் பற்றிப் படித்தவள். சுவர் வெடிப்பு மாதத்துக்கு எவ்வளவு விரிகிறதென்று அளந்து, வீட்டுக்கொரு புள்ளி வைத்திருந்தாள். கரண்ட் இல்லாததால் கையாலேயே வரைந்தது. பழைய பேனா கசிந்து விரலெல்லாம் நீலம்.

"சேர், இதுல ஒரு கோடு மேல போனா பத்து மடங்கு. கீழ்க்கோடு ஒரு மில்லிமீற்றர், அதுவரைக்கும் பயமில்ல. எங்க வீடெல்லாம் பத்துல நிக்குது."

"பத்து மடங்குன்னா பத்து மடங்கு உயரத்துல போடணும். ஒரு விரல் உயரத்துல போட்டுட்டு என்னைய வெருட்டப் பாக்குற."

"அப்படிப் போட்டா தாளு கூரையத் தாண்டிரும் சேர்."

"சரி, பேரெல்லாம் எங்க? எது யாரு வீடுன்னு தெரியாம எதுல கையெழுத்து வைக்கிறது? எழுதும்மா."

சுகிர்தா குனிந்து எழுதினாள். மூக்காயி வீடு, நிரோஷன் வீடு, கறுப்பையா வீடு... துரை கொட்டாவி விட்டார்.

"இது?"

எல்லாவற்றுக்கும் மேலே, இன்னொரு விரல் உயரத்தில், ஒரு புள்ளி தனியாக நின்றது. மற்றதைவிடக் கொஞ்சம் கொழுத்த புள்ளி.

சுகிர்தா அதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நிதானமாக எழுதினாள்: துரை பங்களா.

துரை மறுபடி விரலைப் படுக்கவைத்தார். ஒன்று. இரண்டு.

"பத்துப் பத்தா... நூறு மடங்கா?"

"நீங்களே சொல்லிட்டீங்க சேர்."

"அதான் ரெண்டு நாளா சாப்பாட்டறைப் பலகை கிறீச்சுங்குது. நானும் எலின்னுல்ல நினைச்சேன்."

கையெழுத்து விழுந்தது. பொழுது சாய்வதற்குள் மைதானத்தில் இருபத்தொரு கூடாரம். முதல் கூடாரத்தில் துரையின் கட்டில்.

தன் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டே கறுப்பையா குரலைத் தாழ்த்தினார். "பாவம் மனுசன், முகமே செத்துப்போச்சு. பங்களாவுக்குள்ள நீ எப்பம்மா போயி அளந்த?"

சுகிர்தா விரல் நீலத்தைத் துணியில் துடைத்தாள்.

"அது பேனா ஒழுகின மை, பெரியப்பா."